பாடினவர் பேர் என்ன? - நம்ம ஊர் நாட்டுப்புற இசையின் சில முக்கியமான கட்டங்கள்

சின்னசேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சாவு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பந்தல் போட்டு முடிப்பதற்குள் பறை வந்துவிடும். அதற்கும் முன்னால் பெண்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்ததும் ஒப்பாரி ஆரம்பமாகும். ஒரு அம்மா அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். செத்தவர் பேர், அவர் வெட்டின கிணறு, கட்டின வீடு, கட்டிக்கொடுத்த பெண்கள் என்று ஒரு மனிதரின் மொத்த வாழ்க்கையும் பாட்டில் வந்துவிடும்.

மறுநாள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள். அதில் செத்தவர் பேர் பெரிய எழுத்தில் இருக்கும். மகன்கள், மருமகன்கள், பேரன்கள் பேர் வரிசையாக இருக்கும். போஸ்டர் அடித்த அச்சகத்தின் பேர்கூட ஓரத்தில் இருக்கும். ராத்திரி முழுக்கப் பாடின அந்த அம்மாவின் பேர் மட்டும் எங்கேயும் இருக்காது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூவாகம் இருக்கிறது. சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழாவில் அரவான் களப்பலி ஆனதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, திருநங்கைகள் அழுகிற அழுகையை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த அழுகையும் பாட்டுதான். பாரதக் கதையில் ஓரமாக வருகிற அரவானின் பேரை இந்தப் பக்கத்து மக்கள் பாடிப் பாடியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பாடினவர்கள் பேர்தான் எந்தக் கல்வெட்டிலும் ஏறவில்லை.

'கன்ட்ரி மியூசிக்' என்று கூகிளில் தேடினால் பெரிய தொப்பி போட்ட அமெரிக்கர்கள் கிடாரோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு அது கிராமத்துப் பாட்டு. நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. தெம்மாங்கு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு, வில்லுப்பாட்டு, கூத்துப்பாட்டு... பட்டியல் நீளம். அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிற ஒரே கேள்வி, பாடினவர் பேர் என்ன என்பதுதான்.

பழைய ஆட்கள் காட்டிய மரியாதை

முதலில் ஒரு நல்ல செய்தி. குறுந்தொகையில் 40வது பாட்டை எழுதியவர் பேர் தொகுத்தவர்களுக்குத் தெரியவில்லை. அதற்காக 'யாரோ' என்று போட்டுவிட்டுப் போகவில்லை. அந்தப் பாட்டில் வருகிற ஒரு தொடரையே எடுத்து அவருக்கு 'செம்புலப்பெயல்நீரார்' என்று பேர் வைத்தார்கள். அணிலாடுமுன்றிலாருக்கும் இப்படித்தான் பேர் வந்தது. பேர் தொலைந்துபோன ஆளுக்கும் ஒரு பேர் கொடுத்து, கடைசியில் மரியாதைக்கு 'ஆர்' விகுதியும் சேர்த்தார்கள்.

ஆனால் அந்த மரியாதை ஏட்டில் ஏறிய புலவர்களுக்குத்தான். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை இருக்கிறது, குன்றக் குரவை இருக்கிறது, உலக்கை குத்தும்போது பாடுகிற வள்ளைப்பாட்டும் இருக்கிறது. எல்லாம் உழைக்கிற மக்கள் பாடின பாட்டு வகைகள். இளங்கோவடிகள் பேர் நிலைத்தது. அவர் காது கொடுத்துக் கேட்ட ஆய்ச்சியரும் குறவரும் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. கேள்வி அப்போதே ஆரம்பமாகிவிட்டது.

1871: வெள்ளைக்காரர் கையில் நம்ம பாட்டு

நவீன காலத்தில் நாட்டுப்பாடல்களைப் புத்தகமாகப் போட்டவர்களில் முதலில் சொல்லப்படுகிறவர் சார்லஸ் இ. கவர். 1871-ல் சென்னையில் 'தென்னிந்திய நாட்டுப் பாடல்கள்' என்ற அவருடைய ஆங்கிலப் புத்தகம் வந்தது. கன்னடம், படகர், குடகு, தமிழ், மலையாளம், தெலுங்கு என்று எல்லாப் பக்கத்துப் பாட்டும் ஆங்கில மொழிபெயர்ப்பில் அதில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலில் திருக்குறளும் இருக்கிறது! எது நாட்டுப்பாட்டு, எது புலவர் பாட்டு என்ற எல்லையே அன்றைக்குத் தெளிவாக இல்லை.

அதன் பிறகு 1909-ல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி உதவியோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அதில் மலையாளிகள் பற்றியும் வருகிறது. கேரளத்துக்காரர்கள் இல்லை, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று நம்ம மலைகளில் வாழ்கிற, தமிழ் பேசுகிற மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள், அவர்கள்தான் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து போனார்கள் என்பது அவர்களுடைய வாய்மொழிக் கதை. அது ஏட்டில் ஏறியது. ஆனால் அந்தக் காலத்துப் புத்தகங்களின் அக்கறையெல்லாம் 'எந்தச் சாதி, எந்தக் குடி' என்பதில் இருந்தது. 'எந்த ஆள்' என்று கேட்கிற பழக்கம் வரவில்லை.

1927: அமெரிக்காவில் அதே கதை

இங்கே கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம். 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை, டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற சின்ன ஊரில் விக்டர் கம்பெனிக்காக ரால்ப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு தங்கினார். சுற்றுவட்டார மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்களை வைத்து 76 பாட்டுகளைப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அப்படிக் கிடைத்தவர்கள்தான். கன்ட்ரி மியூசிக் வரலாற்றில் இதைத்தான் பெரிய ஆரம்பமாகச் சொல்கிறார்கள்.

காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ரால்ப் பியருக்கு இசைத்தட்டு விற்பனை மட்டும் பிசினஸ் இல்லை. பாட்டின் காப்பிரைட்தான் அவருடைய மூலதனம். அதனால் காப்பிரைட் வாங்கக்கூடிய 'புது'ப் பாட்டுகள் தொடர்ந்து தேவைப்பட்டன. கார்ட்டர் குடும்பத்துத் தலைவர் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பழைய பாட்டுகளைச் சேகரித்தார். கூடவே லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிடார் கலைஞர் போனார். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனசில் பிடித்துக்கொண்டு வருவார். பாட்டுகள் கார்ட்டர் பேரில் பதிவாயின. ரிடில் பேர் இசைத்தட்டில் இல்லை. 1965-ல் மைக் சீகர் என்ற இசைக் கலைஞர் அவரைத் தேடிப்பிடித்துப் பதிவு செய்த பிறகுதான் வெளி உலகம் அவரைக் கவனிக்க ஆரம்பித்தது.

ஆக, இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. யாரிடம் பேனாவும் கருவியும் இருக்கிறதோ அவர் பேர் நிற்கும். யாரிடம் பாட்டு இருக்கிறதோ அவர் பேர் போய்விடும்.

1938: பதிவு செய்தவர்கள், திரும்பி வந்தவர்கள்

நம்ம பக்கமும் கருவி வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த இசை ஆய்வாளர் அர்னால்ட் பாக்கே 1938-ல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று சுற்றி ஊர்ப்புறப் பாட்டுகளையும் ஆட்டங்களையும் ஒலிப்பதிவு செய்தார், படமும் பிடித்தார். பதிவுகள் கடல் தாண்டிப் போய் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்துகொண்டன. பாடினவர்களுக்கு அது எங்கே போனது என்றே தெரியாது.

அதிசயமான விஷயம் இதற்கு அப்புறம்தான். பாக்கேயின் மாணவர் நசீர் ஜைரஸ்பாய், ஏமி கேட்லினோடு சேர்ந்து 1984-ல் அந்தப் பழைய பதிவுகளையும் எடுத்துக்கொண்டு அதே ஊர்களைத் தேடி வந்தார். 46 வருஷம் கழித்து! ஊர்க்காரர்களிடம் போட்டுக் காட்டி, 'இது யார், இவர் வாரிசுகள் யார், இந்தப் பாட்டு இன்னும் இருக்கிறதா' என்று கேட்டார்கள். சேகரிப்பது என்றால் எடுத்துக்கொண்டு போவது மட்டும் இல்லை, திரும்பக் கொண்டுவந்து காட்டுவதும்தான் என்று யோசித்த ஆட்களும் இருந்திருக்கிறார்கள்.

1943 முதல் 1964 வரை: தமிழில் எழுதியவர்கள்

தமிழில் இந்த வேலை சூடுபிடித்தது 1940-களில். மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' 1943-ல் வந்தது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த பெர்சி மாக்வீன் சேர்த்து வைத்திருந்த பாடல்களை கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்தார். 'மலையருவி' என்ற பேரில் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1958-ல் அதை வெளியிட்டது. 'காற்றிலே மிதந்த', 'மலையருவி'... இந்தத் தலைப்புகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காற்றும் அருவியும் இயற்கை. பாட்டு தானாக மிதந்து வந்தது மாதிரி, தானாக மலையிலிருந்து கொட்டினது மாதிரி. அன்போடு வைத்த பேர்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு ஆள் இருந்தார் என்பது மறைந்துபோகிறது.

இதை மாற்றியவர் நா. வானமாமலை. 1917-ல் நாங்குநேரியில் பிறந்தவர், பொதுவுடைமைக் கட்சிக்காரர், பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்தியவர். 1960-ல் 'தமிழ்நாட்டுப் பாமரர் பாடல்கள்', 1964-ல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்று இரண்டு தொகுப்புகள் கொண்டுவந்தார். 1969-ல் 'ஆராய்ச்சி' என்ற இதழையே சொந்த முயற்சியில் ஆரம்பித்தார். நாட்டுப்பாடல் வெறும் ரசனைக்கு இல்லை, அது உழைப்பாளிகளின் வரலாற்று ஆவணம் என்பது அவர் கட்சி.

அவருடைய தொகுப்பில் பல பாட்டுகளுக்குக் கீழே சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும்: சேகரித்தவர் இன்னார், இடம் இன்ன ஊர். எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி, கு. சின்னப்பபாரதி, வாழப்பாடி சந்திரன் என்று பல பேர் அவருக்குச் சேகரித்துக் கொடுத்தார்கள். சின்னசேலத்தில் சேலம் பஸ் ஏறினால் தலைவாசல், ஆத்தூர் தாண்டி வாழப்பாடி வரும். அந்த ஊர்க்காரர் நம்ம பக்கத்துப் பாட்டுகளை அந்தப் புத்தகத்தில் ஏற்றினார். சில பாட்டுகளின் கீழே இன்னொரு வார்த்தையும் இருக்கும்: 'உதவியவர்'. பாட்டைச் சொல்லிக் கொடுத்தவர் பேர் அது.

உதவியவர்! பாட்டு அவருடையது, ஆனால் அவர் உதவினார் என்று போட்டிருக்கிறது. இன்றைக்குப் படித்தால் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் அந்த வரிகூட இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய அடி என்று புரியும்.

1976: அன்னக்கிளி

அடுத்த திருப்பம் எல்லோருக்கும் தெரிந்தது. 1976 மே மாதம் 'அன்னக்கிளி' வெளிவந்தது. இளையராஜாவுக்கு அது முதல் படம். தயாரிப்பிலும் பாட்டு எழுதுவதிலும் பின்னால் நின்றவர் பஞ்சு அருணாசலம். வயலில் பாடுகிற மெட்டும் குரலும் தியேட்டரில் ஒலித்தது.

அதற்குப் பின்னால் பண்ணைப்புரம் இருக்கிறது. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினவர். மக்களுக்குப் பழக்கமான மெட்டில் அரசியலைப் பாடினார். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் நடுவில் அவர் பாட்டு பிரபலம். தம்பிகள் அவர் பின்னால் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அவர் 1973-ல் இறந்துபோனார், அன்னக்கிளியைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பேர் அழியவில்லை. இளையராஜாவும் கங்கை அமரனும் அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

1985, 2003: பாட்டிகள் திரைக்கு வந்தபோது

1985-ல் பாண்டியராஜனின் 'ஆண்பாவம்' படத்தில் ஒரு பாட்டி வந்தார். சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடிக்காரர், வானொலியில் நாட்டுப்புறப் பாட்டு பாடினவர். கொல்லங்குடி கருப்பாயி என்று ஊர்ப் பேரோடு சேர்ந்தே அவர் பேர் நின்றது. 1993-ல் கலைமாமணி விருது வாங்கினார். 2025 ஜூன் மாதம், நூறு வயதை நெருங்கும்போது காலமானார். 2003-ல் 'தூள்' படத்தில் பரவை முனியம்மா பாடினார். அதற்கு முன் எத்தனையோ வருஷம் மேடையில் பாடியிருந்தாலும் ஒரே பாட்டில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தார். 2020 மார்ச்சில் அவரும் போய்விட்டார். மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு சேர்ந்து பாட்டுகளைச் சேகரித்ததோடு மேடைகளிலும் பாடினார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

இந்தப் பேர்களெல்லாம் நிலைத்தது சந்தோஷம். ஆனால் ஒரு கருப்பாயி பேர் தெரிய ஒரு சினிமா தேவைப்பட்டது. சினிமா வராத ஊரில் எத்தனை கருப்பாயிகள்?

பறை: சாதிப் பேரிலிருந்து சொந்தப் பேருக்கு

ஒப்பாரி பாடின அம்மாவுக்குப் பேர் இல்லாமல் போனது மறதியால். பறை அடித்தவருக்குப் பேர் இல்லாமல் போனது மறதியால் இல்லை. அவரை ஊர் சாதிப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டது. சாவு மேளம் அடிப்பது கலையாக மதிக்கப்படவில்லை, கட்டாய வேலையாகச் சுமத்தப்பட்டது. அடிக்க மாட்டேன் என்று சொன்னால் அடி விழுந்தது. அதனால்தான் பறையைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு, அதே பறையை உரிமைக் கருவியாகக் கையில் எடுத்தவர்களும் உண்டு. இரண்டுமே நியாயம்தான்.

இரண்டாவது வழியில் போனவர்களில் முக்கியமானவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கை மாவட்டத்துக்காரர், 1955-ல் பிறந்தவர். இன்குலாப் எழுதின 'மனுசங்கடா' பாட்டு இவர் குரலில்தான் மேடை மேடையாகப் பரவியது. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் வலி அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பாடகராக இருந்துகொண்டே பேராசிரியரானார், 2005-ல் 'வடு' என்ற தன்வரலாறு எழுதினார், 2016 ஜனவரியில் மறைந்தார். பாடினவரே தன் கதையைத் தன் பேரில் எழுதியது பெரிய விஷயம்.

2007-ல் சென்னை சங்கமம் ஆரம்பித்தபோது பறை நகரத்துப் பூங்காக்களுக்கு வந்தது. 2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு, பறை இசைக்காகவே, பத்மஸ்ரீ கிடைத்தது. 'ஆசான்' என்றால் ஆசிரியர். ஒரு காலத்தில் சாதி சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் இப்போது ஆசான் என்று கூப்பிடுகிறார்கள். சங்க காலத்து 'ஆர்' விகுதி திரும்ப வந்த மாதிரி!

2021: ஒரு பாட்டு, பல பேர்கள்

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. தீ, அறிவு பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தலைமுறை. ஒப்பாரியின் சாயலில் அமைந்த அந்தப் பாட்டு வள்ளியம்மாளின் பேரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஆனால் அதே வருஷம் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லாமல் போனது பெரிய விவாதம் ஆனது. பிறகு அறிவு இடம்பெற்ற அட்டையும் வெளியானது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேறியது. பாட்டில் தன் பங்கு என்ன என்று அறிவு எழுதினார், மற்ற இருவரும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். கவனிக்க வேண்டியது, நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு சண்டையே நடந்திருக்காது. பேர் இல்லாமல் போனால் கேட்கலாம் என்பதே புதுசு.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்ம காப்பிரைட் சட்டம் 1957-ல் வந்தது. அதில் எழுதினவருக்கு உரிமை உண்டு, வாழ்நாளும் அதற்குப் பின் 60 வருஷமும். தலைமுறை தலைமுறையாக வருகிற நாட்டுப்பாட்டுக்கு 'எழுதினவர்' யார்? சட்டத்தின் கண்ணில் அது யாருக்கும் சொந்தமில்லாத சொத்து. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆனால் 1994 திருத்தத்தில் பாடுகிறவருக்கு, ஆடுகிறவருக்கு என்று நிகழ்த்துவோர் உரிமை வந்தது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், 'இந்த நிகழ்ச்சியை நிகழ்த்தியவர் நான்' என்று தன் பேரைக் கேட்கிற உரிமையையும் கொடுத்தது. அதாவது பாட்டு பொதுச் சொத்தாக இருக்கலாம், பாடின அந்தக் குரல் பொதுச் சொத்து இல்லை. ஒப்பாரி பாடின அம்மாவுக்கும் இது பொருந்தும். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கடைசியாக...

1927-ல் ஒலிப்பதிவுக் கருவி ஒரு கம்பெனியிடம் இருந்தது. 1938-ல் ஒரு வெளிநாட்டு ஆய்வாளரிடம் இருந்தது. இன்றைக்கு அது எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கிறது. நடவு வயலில், கோயில் கும்மியில், கூத்து மேடையில், கல்வராயன் மலைத் திருவிழாவில் யாராவது ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாயங்காலம் அது ஸ்டேட்டஸில் வருகிறது. 'கிராமத்துப் பாட்டி செம வாய்ஸ்' என்று தலைப்பு. பாட்டிக்குப் பேர் இல்லை. இந்தத் தடவை பேரை விட்டது வெள்ளைக்கார அதிகாரி இல்லை, அவருடைய பேரப் பிள்ளைகளே.

செய்ய வேண்டியது பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. பதிவு செய்யலாமா என்று முதலில் கேட்க வேண்டும். அவர் பேர், ஊர், தேதி, எந்தச் சமயத்தில் பாடுகிற பாட்டு, யாரிடம் கற்றுக்கொண்டார் என்று ஐந்து விவரம் எழுதி வைக்க வேண்டும். பதிவை அவருக்கே ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டும். பேர் போட வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும்.

அந்தக் குறிப்பில் 'உதவியவர்' என்று எழுதாதீர்கள். 'பாடியவர்' என்று எழுதுங்கள். உதவினது போன் வைத்திருந்தவர்தான்.